நிச்சயம் ஆன பிறகு லொகேஷன் ஷேரிங்: நிறுத்தலாமா, தொடரலாமா?

கார்த்திகைப்பூ

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

நான் சென்னை தரமணியில் மென்பொருள் வேலை. அவர் பெங்களூரில். கல்லூரிக் காலத்திலிருந்தே காதல். இரண்டு வீட்டிலும் பேசிச் சம்மதம் வாங்கி, ஆவணியில் நிச்சயம் முடிந்தது. தை மாதம் கல்யாணம்.

கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேர் செய்ய ஆரம்பித்தது இரவு ஷிப்டால்தான். நான் கேபில் வீடு திரும்பும் வரை அவர் தூங்க மாட்டார். "எங்கே வந்துட்டே" என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவதற்கு இது சுலபம் என்று, 'நிறுத்தும் வரை' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவரும் தன்னுடையதைக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. அவருடைய புள்ளி எலக்ட்ரானிக் சிட்டியை விட்டு நகர்ந்தால், சரி, வேலை முடிந்தது, இனி போன் வரும் என்று எனக்கும் ஒரு சந்தோஷம்.

நிச்சயத்துக்குப் பிறகு பேச்சின் தொனி மாறிவிட்டது. "வேளச்சேரியில் ஏன் அரை மணி நேரம் நின்றாய்?" என்று கேட்கிறார். தோழியோடு ஜூஸ் குடித்தேன் என்றால், "அதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" என்கிறார். அந்த மேப்பில் என் போனின் பேட்டரி அளவும் தெரியும். மீட்டிங்கில் இருந்ததால் எடுக்க முடியவில்லை என்றால், "அறுபது பர்சென்ட் சார்ஜ் இருந்ததே, ஒரு மெசேஜ் கூடவா போட முடியாது?"

போன வாரம் நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புள்ளி திருவான்மியூர் பக்கம் காட்டியிருக்கிறது. வீடியோ கால் போட்டு என் மேஜையைக் காட்டச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, போனைத் தூக்கி மானிட்டர், ஜன்னல், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் காட்டினேன். காட்டி முடித்த பிறகு அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இப்போது அவர் வீட்டில் எல்லோரும் லைஃப்360 என்ற, குடும்பத்தில் ஒருவர் இருப்பிடத்தை மற்றவர்கள் பார்க்கும் செயலியை வைத்திருக்கிறார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணுதானே, நீயும் சேர்ந்துக்கோ" என்று அத்தை லிங்க் அனுப்பியிருக்கிறார். அத்தை மனசில் கள்ளம் கிடையாது. ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அவர் கெட்டவர் இல்லை. நிறுத்தினால் "என்ன மறைக்கிறாய்?" என்பார். என்ன செய்யலாம்?

ராம்நாடு செல்வம்

தங்கச்சி, மறுபக்கத்தையும் ஒருத்தர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். மனைவி பரமக்குடியில். நாங்கள் இருவரும் லொகேஷன் போட்டே வைத்திருக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் போன் போட்டுக் கேட்டால் நான் ஓட்டிக்கொண்டே பேச வேண்டும், அது ஆபத்து. புள்ளி நகர்கிறதா, சரி என்று தூங்கிவிடுவாள். சாயல்குடி தாண்டிவிட்டேன் என்று பார்த்தால் சோறு வடிக்க ஆரம்பிப்பாள். நான் நடுவழியில் டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. தப்புச் செய்யாதவருக்கு இதில் என்ன கஷ்டம்? அவர் அக்கறையில்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேப்பமர நிழல்

செல்வம் அண்ணா, உங்கள் பதிலே உங்கள் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றாலும் உங்கள் மனைவி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால்தான் உங்களுக்கு அது பாரமாகத் தெரியவில்லை. இந்தப் பெண் அரை மணி நேரம் ஜூஸ் கடையில் உட்கார்ந்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே செயலி, ஒரே புள்ளி. பார்க்கிறவர் என்ன தேடிப் பார்க்கிறார் என்பதுதான் வேறு.

மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி மடியை அவிழ்த்துக் காட்டு என்றால், கனமே இல்லாதவருக்கும் அந்த வழியில் நடக்கப் பிடிக்காது.

தோழி, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது வேளச்சேரி இல்லை. மேஜையைக் காட்டச் சொன்னதுதான். நீங்கள் வாயால் சொன்னதைவிட அந்தப் புள்ளி சொன்னதை அவர் நம்பியிருக்கிறார்.

டவர் பையன்

நான் மொபைல் நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். அந்தத் திருவான்மியூர் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதனாலேயே சண்டை போடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி மட்டும் வைத்திருக்கவில்லை. வெட்டவெளியில் இருந்தால் செயற்கைக்கோள் சிக்னலை வைத்து ஏறக்குறைய 5 மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். கான்கிரீட் கட்டடத்துக்குள் போனால் அந்த சிக்னல் கிடைக்காது, அல்லது சுவரில் பட்டுத் திரும்பித் தப்பாக வரும். அப்போது பக்கத்தில் தெரியும் வைஃபை ரவுட்டர்களை வைத்துக் கணக்குப் போடும். எந்த ரவுட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் கூகுள், ஆப்பிள் போன்றவர்களிடம் இருக்கிறது. அதுவும் சரிவரவில்லை என்றால் செல் டவர். டவரை வைத்துச் சொல்லும்போது பல நூறு மீட்டர், சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் கூடத் தள்ளிக் காட்டும்.

ரவுட்டரில் இன்னொரு சிக்கல். ஒருவர் தாம்பரத்தில் இருந்து போரூருக்கு வீடு மாறி, பழைய ரவுட்டரையே கொண்டுபோய் மாட்டுகிறார் என்று வையுங்கள். அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படும் வரை, போரூரில் உட்கார்ந்திருப்பவரின் போன் தாம்பரம் என்று காட்ட வாய்ப்பு உண்டு. பாவம், அவர் வீட்டில் சோபாவில் இருப்பார்.

அப்புறம் பேட்டரி சேமிப்பு. பல ஆண்ட்ராய்டு போன்களில் பின்னணியில் ஓடும் செயலியைப் போனே நிறுத்திவிடும். புள்ளி பழைய இடத்திலேயே உறைந்து நிற்கும். சென்னை மெட்ரோவில் சுரங்கப் பாதையில் போகும்போதும் இதே கதை. அதனால்தான் மேப்பில் புள்ளியோடு 'இத்தனை நிமிடம் முன்பு' என்று ஒரு சின்ன வரி வருகிறது, புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டமும் விரிகிறது. போன் இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும் என்பதே அந்த வட்டத்துக்கு அர்த்தம். தேடுகிற கண்ணுக்கு வட்டம் தெரியாது. நடுவில் இருக்கும் புள்ளி மட்டும்தான் தெரியும்.

தரமணியில் இருக்கும் போன் திருவான்மியூரைக் காட்டியது என்றால் டவர் தூரம்தான். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

சேலம் சிவா

ஆண்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று இழை போய்விடக் கூடாது. எனக்கு நடந்தது எதிர்ப்பக்கம்.

பழைய காதலி. அவள் அப்பா அவர்கள் குடும்பத்தை விட்டுப் போனவர். அதனால் அவளுக்கு ஒரு பயம் எப்போதும் இருந்தது, அது எனக்குப் புரிந்தும் இருந்தது. லொகேஷன் கேட்டாள், கொடுத்தேன். மறுநாளே அவள் முகம் தெளிந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து வாட்ஸாப்பில் கடைசியாக எப்போது வந்தேன் என்பது வேண்டும் என்றாள். பிறகு போன் பாஸ்வேர்ட். ஒவ்வொன்றும் கொடுத்தபோது சில நாள் நிம்மதி, அப்புறம் அடுத்தது. கொடுக்கக் கொடுக்க அவளுக்குப் பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. பார்க்கப் பார்க்கக் கேள்விதான் கூடியது.

கடைசியில் நான் போனை ஆபீஸ் டிராயரில் வைத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போக ஆரம்பித்தேன். யாரையும் பார்க்கப் போகவில்லை. நண்பர்கள் இருவரோடு ஒரு டீ, ஒரு வாழைக்காய் பஜ்ஜி. அதற்குக்கூட விளக்கம் சொல்லத் தெம்பு இல்லை. பொய்யே சொல்லத் தேவையில்லாத ஒருவனைப் பொய் சொல்லப் பழக்கியது அந்தப் புள்ளி.

செல்வம் அண்ணன் சொல்வது போல அக்கறையாகவும் இருக்கலாம். அவளுடையதும் அக்கறைதான். ஆனால் அவள் கேட்டது 'எங்கே இருக்கிறாய்' என்று. தெரிந்துகொள்ள விரும்பியது 'என்னை விட்டுப் போய்விடுவாயா' என்று. அதற்கு மேப்பில் பதில் கிடையாது.

கார்த்திகைப்பூ

சிவா, கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். அவரும் நிச்சயத்துக்குப் பிறகுதான் மாறினார். அவருடைய அலுவலகத்தில் நெருங்கிய நண்பர் ஒருவரின் கல்யாணம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. அதைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியதே இல்லை.

டவர் பையன், அந்த வட்டத்தை இன்றுதான் கவனித்தேன்.

நங்கநல்லூர் ராஜி

பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் பேசவில்லையே? நகரத்தில் இரவு தனியாக வரும் பெண் யாராவது ஒருவருக்கு இருப்பிடம் தெரிந்திருப்பது நல்லதுதானே. என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், எனக்கு இது இல்லாமல் தூக்கம் வராது.

வேப்பமர நிழல்

ராஜி அக்கா, நியாயமான கவலை. ஆனால் எது உண்மையில் உதவும் என்று யோசித்துப் பாருங்கள். இவர் வருவது பெருங்குடி சாலையில், நள்ளிரவில். பெங்களூரில் இருப்பவருக்குப் புள்ளி நின்றுவிட்டது என்று தெரிந்தால், அவர் முன்னூற்று ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து போன்தான் செய்ய முடியும். ஆபத்து என்றால் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி இருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அவசர உதவி எண் 112 இருக்கிறது. கேப் செயலியிலேயே பயணத்தைப் பகிரும் வசதி உண்டு. வண்டி எண், ஓட்டுநர் பெயர், போகும் வழி எல்லாம் போகும், பயணம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

வாட்ஸாப் லைவ் லொகேஷனையும் பாருங்கள். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம், அவ்வளவுதான். எப்போதும் என்ற தேர்வே அதில் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இரவுப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இவர் ரங்கநாதன் தெருவில் எந்தக் கடையில் நிற்கிறார் என்பதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

வழக்குரைஞர் தென்மதுரை

சட்டப் பக்கம் கொஞ்சம். இது பொதுத் தகவல், யாருடைய வழக்குக்குமான ஆலோசனை இல்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடர்ந்து வந்த ஒரு தீர்ப்பு இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தம். போதைப்பொருள் வழக்கில் பிராங்க் வைட்டஸ் என்பவருக்கு ஜாமீன் கொடுக்கும்போது, கூகுள் மேப்ஸில் பின் போட்டு விசாரணை அதிகாரிக்கு இருப்பிடம் தெரியும்படி வைக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்திருந்தது. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை தொடர்ந்து கண்காணிக்க வழி செய்யும் நிபந்தனை அந்தரங்க உரிமையை மீறும் என்பது காரணம்.

குற்றம் சாட்டப்பட்டு ஜாமீனில் வெளியே வந்தவரிடமே அரசு இதைக் கேட்கக் கூடாது என்கிறது நீதிமன்றம். நிச்சயமான பெண்ணிடம் கேட்கலாமா என்று அவரவர் யோசிக்கட்டும். அரசுக்கு எதிரான உரிமையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து பொருத்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தீர்ப்பின் நியாயம் வீட்டு வாசலில் நின்றுவிடும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டுக்குள் நடந்ததே ஒன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையில். மனைவியின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து, விவாகரத்து வழக்கில் கணவர் ஆதாரமாகக் கொடுத்தார். 2024 அக்டோபரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்க மறுத்தார். அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறி எடுத்தது ஆதாரமாகாது என்றார். ஆனால் இது முடிந்த கதை இல்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பஞ்சாபில் இருந்து வந்த வேறொரு வழக்கில், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே 'தெரியாமல் எடுத்தது செல்லாது' என்று நம்பி இனி யாரும் தைரியமாக இருக்க முடியாது. இந்தப் போக்கு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் மேல் ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்குப் போனால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்ததற்கு அதுவே அடையாளம் என்கிற வாதத்தை நான் புரிந்துகொள்கிறேன். அதற்காக வேவு பார்த்ததற்குப் பலன் கிடைக்கும்படி செய்ய வேண்டுமா?

இன்னொன்று. நீங்களே கொடுத்த லொகேஷன் ஷேரிங் குற்றம் ஆகாது. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் போனில் உளவுச் செயலி போட்டால் அது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் வேவு பார்ப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் வரும். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான கொடுமையையும் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் ஒரே வீட்டில் வாழ்ந்த உறவுக்குத்தான். நிச்சயம் மட்டும் ஆனவர்களுக்கு அது எட்டாது.

ராம்நாடு செல்வம்

வக்கீல் சார், கோர்ட்டு வரைக்கும் ஏன் போக வேண்டும்? இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் தீராதா?

வழக்குரைஞர் தென்மதுரை

தீரும் செல்வம். தீர்ந்தால் முதலில் மகிழ்வது நான்தான். பேசித் தீராதவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். அதனால் சொன்னேன்.

வன்னிப்பிள்ளை

நான் லண்டனில் இருந்து எழுதுறன். இங்கே பெண்களுக்கான உதவி அமைப்பு ஒன்றில், தமிழ் ஆக்களோடு கதைக்கிற வேலை. இங்கிலாந்து, வேல்ஸில் 2015 கடுங்குற்றச் சட்டத்தின் (Serious Crime Act) 76ஆம் பிரிவு துணையை அடக்கி ஆளுகிற நடத்தையையே குற்றமாக்கினது. அடி விழ வேண்டும் என்றில்லை. ஐந்து வருசம் வரை சிறை. அரசு வெளியிட்ட வழிகாட்டியில், மற்றவரை இணைய வழியாகக் கண்காணிப்பதும் அப்படியான நடத்தைக்கு உதாரணமாக இருக்கிறது.

ஆனால் தங்கச்சி, சட்டத்தைவிட நான் கண்டதைச் சொல்லுறன். எங்களிட்ட வாற பிள்ளைகள் 'அவர் என்னைக் கண்காணிக்கிறார்' என்று சொல்லி வாறதில்லை. 'அவருக்கு என்னில சரியான பாசம், நான்தான் அவரைக் கோபப்படுத்திப் போடுறன்' என்று சொல்லி வருவினம். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். நாளைக்கு நீங்கள் அதை நிற்பாட்டினால் என்ன நடக்கும்? 'ஏன் நிற்பாட்டினனீர் என்று கேட்பார், கொஞ்சம் முகம் நீட்டுவார்' என்றால் அது கதைத்துத் தீர்க்கக்கூடியது. 'எனக்குப் பயமாக இருக்கு' என்று பதில் வந்தால், அந்த உறவில் லொகேஷன் ஒரு சின்னப் பகுதிதான்.

பயம் இருக்கிற ஆக்களுக்கு நான் உடனே நிற்பாட்டச் சொல்லுறதும் இல்லை. திடீரென்று புள்ளி மறைந்தால் ஆபத்து கூடின வீடுகள் இருக்கு. முதல் ஒரு நம்பிக்கையான ஆளிட்ட சொல்லுங்கோ, போக ஒரு இடம் பாருங்கோ, பிறகு போனைத் தொடுங்கோ. தமிழ்நாட்டில் 181 எண்ணுக்கு அழைக்கலாம் என்று அறிந்திருக்கிறன்.

வேப்பமர நிழல்

ஆமாம் அக்கா, 181 மகளிர் உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. நீங்கள் சொன்ன அந்த ஒரு கேள்வியைத் தோழி தனக்குத் தானே கேட்டுப் பார்க்க வேண்டும்.

கார்த்திகைப்பூ

கேட்டுப் பார்த்தேன் அக்கா. பயம் இல்லை. அலுப்பு இருக்கிறது, கோபம் இருக்கிறது. அடிப்பாரோ, கத்துவாரோ என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இரண்டு நாள் பேச மாட்டார்.

மல்லிகை மதி

இரண்டு நாள் பேசாமல் இருப்பதும் தண்டனைதான் தோழி. கல்யாணத்துக்குப் பிறகு அது ஒரே வீட்டுக்குள் நடக்கும். இப்போதே பேசிவிடுங்கள்.

டவர் பையன்

அந்த லைஃப்360 பற்றி ஒரு விஷயம். அது காட்டுவது புள்ளி மட்டும் இல்லை. வண்டி ஓட்டும் வேகம், போன் சார்ஜ், எந்த இடத்துக்கு எப்போது வந்தீர்கள், எப்போது கிளம்பினீர்கள் என்பதெல்லாம் அந்தச் செயலியில் 'வட்டம்' என்று சொல்லும் குடும்பக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் போகும். அத்தை, மாமா, நாத்தனார் எல்லோரும் உங்கள் ஆபீஸ் நேரத்தைப் பார்ப்பார்கள். குடும்பம் தாண்டியும் போயிருக்கிறது. 2021 டிசம்பரில் தி மார்க்அப் என்ற அமெரிக்கச் செய்தித்தளம், அந்த நிறுவனம் பயனர்களின் இருப்பிடத் தகவலைத் தரவு வியாபாரிகளுக்கு விற்கிறது என்று எழுதியது. அடுத்த மாதமே துல்லியமான இருப்பிடத்தை விற்பதைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. குடும்பம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளத்தானே என்று போடுகிறோம், வெளியே யார் யார் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அத்தையிடம் மறுப்பதற்கு இது மரியாதையான, உண்மையான காரணம். அவர் மேல் குறை சொன்னதாகவும் ஆகாது.

சேலம் சிவா

நல்ல யோசனை. ஆனால் அவரிடம் பேசும்போது அந்தக் காரணத்தைச் சொல்லாதீர்கள். அவரிடம் உண்மைக் காரணத்தையே சொல்லுங்கள். "மேஜையைக் காட்டச் சொன்ன அன்று எனக்கு அவமானமாக இருந்தது" என்று அந்த வாக்கியத்தையே சொல்லுங்கள். ஷேரிங் சரியா தப்பா என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் இரண்டு பேரும் வாதத்தில் ஜெயிக்கத்தான் பார்ப்பீர்கள்.

அதோடு, அந்த நண்பர் கல்யாணம் நின்றதைக் கேளுங்கள். அவர் பேசக் காத்திருக்கலாம்.

நங்கநல்லூர் ராஜி

நானும் என் மகளிடம் இன்று கேட்டேன், இது உனக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று. "ஹாஸ்டல் வந்ததும் மெசேஜ் போடறேன் அம்மா, நீ பார்த்துட்டே இருக்கே என்று தெரிந்தால் லைப்ரரியில் உட்காரக் கூட ஒரு மாதிரி இருக்கு" என்றாள். இத்தனை நாள் அவள் இதைச் சொல்லவில்லை, கேட்ட பிறகுதான் சொன்னாள். இனி ஊருக்கு வரும் நாளில் மட்டும் போட்டுக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்.

கார்த்திகைப்பூ

பேசிவிட்டேன். அவர் சனிக்கிழமை சென்னை வந்திருந்தார். பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து, சிவா சொன்னபடி, மேஜை விஷயத்தில் இருந்து ஆரம்பித்தேன். முதலில் "விளையாட்டுக்குத்தானே கேட்டேன்" என்றார். விளையாட்டு என்றால் நான் மறுத்திருந்தால் விட்டிருப்பீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

நண்பரைப் பற்றிக் கேட்டபோதுதான் பேச்சு திறந்தது. அந்தப் பெண் வேறொருவரை விரும்புவது கடைசி வாரம் வரை நண்பருக்குத் தெரியாதாம். "நமக்கு அப்படி ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனா ராத்திரி மேப்பைத் திறக்காம இருக்க முடியலை" என்றார். வேலையில் இருக்கும்போதுகூட மேப்பைத் திறந்து திறந்து பார்க்கிறாராம். அவர் குரலில் இருந்த களைப்பை அப்போதுதான் கவனித்தேன். அவர் நிம்மதியாக இருந்துகொண்டு என்னைத் துன்புறுத்துகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருக்கும் நிம்மதி இல்லை.

அங்கேயே இரண்டு பேரும் 'நிறுத்தும் வரை' என்பதை நிறுத்தினோம். இரவு ஷிப்ட் நாளில் கேப் ஏறியதும் வாட்ஸாப்பில் ஒரு மணி நேரம் மட்டும் நான் அனுப்புவேன். கேட்காமல் நான் அனுப்புவது, அவர் கேட்டு வாங்குவதில்லை. மனசு அலைந்தால் "பயமா இருக்கு" என்று நேரடியாகச் சொல்ல வேண்டும், "எங்கே இருக்கே" என்று கேட்கக் கூடாது என்று நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஒத்துக்கொண்டார். நேற்று இரவு ஒரு முறை அப்படியே சொன்னார், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நாளைக்கு இது நிற்கும் என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஒரு ஆலோசகரைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அந்தப் பதில் வரட்டும், பத்திரிகை அச்சுக்குக் கொடுப்பது அதற்குப் பிறகு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அத்தையிடம் டவர் பையன் சொன்னதைச் சொன்னேன். "விக்கிறானுங்களா?" என்று கேட்டு, தன் போனில் இருந்தும் எடுக்க வழி கேட்கிறார்.

ஒரு சந்தேகம். என் பழைய டேப்லெட் அவர் பெங்களூர் வீட்டில் இருக்கிறது. என் கூகுள் கணக்கு அதில் இன்னும் திறந்தே இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் என் இருப்பிடம் தெரியுமா? அவர் அதைத் தொட்டதே இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

டவர் பையன்

தெரியும். உங்கள் கணக்கு திறந்திருக்கும் எந்தச் சாதனத்தில் இருந்தும், தொலைந்த போனைத் தேடும் வசதி வழியாக உங்கள் போன் இருக்கும் இடத்தைப் பார்க்க முயல முடியும். மேப்ஸில் ஷேரிங்கை நிறுத்தினாலும் இந்த வழி அடைபடாது.

போனில் அமைப்புகள், கூகுள், கணக்கை நிர்வகி, அதில் பாதுகாப்பு, 'உங்கள் சாதனங்கள்' என்று போங்கள். அந்த டேப்லெட்டைத் தொட்டு வெளியேற்றுங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். வாட்ஸாப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். போனின் லொகேஷன் அனுமதிப் பட்டியலில் எந்தச் செயலிக்கு 'எப்போதும்' என்று இருக்கிறதோ, தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். டேப்லெட்டை வெளியேற்றியதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு: செயலியை அழித்தால் மட்டும் போதாது. முதலில் வட்டத்தை விட்டு வெளியேறி, அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு செயலியை அழிக்கலாம்.